வெல்வெட் டப்பாவில் ஒரு மீன் காசு

புளியும் செங்கல்பொடியும் சேர்த்துச் செம்பைத் தேய்த்தால் ஒரு புளித்த வாடை விரல் இடுக்கில் ஏறிக்கொண்டு, சோறு தின்னும்போதும் கூடவே வரும். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கோடை முழுவதும் என் கை அப்படித்தான் நாறியது.

அப்போது நாங்கள் ஆற்றங்கரை ஊரான ஏரலில் இருந்தோம். எனக்கு ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றிருந்தது. உப்பள வேலைக்குப் போன அப்பா அங்கேயே இன்னொரு குடித்தனம் வைத்துக்கொண்டதால் அம்மாவும் நானும் செங்கல் சூளைக்குப் போனோம். வேலை இல்லாத நாளில், வற்றிய ஆற்றில் இறங்கிச் சட்டியில் மணலை அள்ளி அலசி "அரிப்போம்". பாலத்திலிருந்து சனங்கள் எறிந்த சில்லறை கிடைக்கும், எப்போதாவது பழங்காசும் கிடைக்கும். அப்படித்தான் எனக்கு ஒரு கறுத்த காசு அகப்பட்டது. வெயிலில் சாய்த்துப் பிடித்தால் இரண்டு மீன்கள் மங்கலாகத் தெரியும். இனி தெருவே என்னைத் தேடி வரும் என்று நினைத்திருந்தேன்.

அதே வாரம் பக்கத்து வீட்டு இசக்கிக்கு அவனுடைய தாய்மாமா திருச்செந்தூர்க் கடைத்தெருவிலிருந்து ஒரு மீன் காசு வாங்கிவந்தார். பாண்டியர் காலத்து அசல் என்று கடைக்காரர் சொன்னாராம். சிவப்பு வெல்வெட் டப்பா, உள்ளே பஞ்சு மெத்தை, அதன்மேல் பளபளவென்று காசு. மீனுக்குக் கண்கூடத் தெரிந்தது. பையன்கள் முண்டியடித்துத் தொட்டுப் பார்த்தார்கள். நானும் என்னுடையதை நீட்டினேன்.

"போலே, கரிக்கட்டையக் கொண்டாந்து காட்டுதான்" என்றான் இசக்கி. எல்லோரும் சிரித்தார்கள்.

அதற்குத்தான் புளி. அவன் காசைவிட என் காசு மின்ன வேண்டும் என்று தேங்காய் நாரால் தினமும் தேய்த்தேன். மின்னத்தான் செய்தது.

காசின் மதிப்பைத் தெரிந்துகொள்ள மாமா இசக்கியைத் திருநெல்வேலிக்குக் கூட்டிப்போனபோது நானும் தொற்றிக்கொண்டேன். பழம்பொருள் விற்க அரசாங்கம் கொடுத்த உரிமத்தைக் கண்ணாடிச் சட்டமிட்டு மாட்டியிருந்த கடை அது. வியாபாரி இசக்கியின் காசை லென்சில் ஒரு தரம் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"புதுசா அச்சுல ஊத்துனது அண்ணாச்சி. இதப் பழசுன்னு வித்தா என் உரிமத்தப் பிடுங்கிருவான்."

என்னுடையதைத்தான் நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏலே, இத எவம்லே தேச்சது?"

"நாந்தான்."

"அசல் காசுலே இது! மீன வழிச்சு எடுத்துட்டியே. இனி இது வெறும் செம்புத்துண்டு."

அழக்கூட நேரம் கிடைக்கவில்லை. மாமா போலிக் காசை வாங்கி ஏமாந்த கோபத்தோடேயே எங்கள் இருவரையும் திருச்செந்தூர் பஸ்ஸில் ஏற்றினார். அங்கே கடைக்காரர் அசரவில்லை. டப்பாவின் பஞ்சைப் பிய்த்து, அடியில் ஒட்டியிருந்த சிறு காகிதத்தைக் காட்டினார். "மாதிரிக் காசு" என்று பொடி எழுத்தில் அச்சடித்திருந்தது.

"எழுதித்தான அண்ணாச்சி குடுத்திருக்கேன்?"

"பஞ்சுக்கு அடியில எழுதிவச்சா, டப்பாக்குள்ள தலைய விட்டா படிக்க முடியும் வே? சின்னப் புள்ளைய ஏமாத்துதீரே, ரூவாயக் கீழ வையும்!"

கூட்டம் கூடிவிட்டது. கடைக்காரர் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். இசக்கி மாமாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு நின்றான். அவன் காசு போலி, என்னுடையது அசல். ஆனாலும் எனக்கு அவன்மேல் வயிறு எரிந்தது. அவனுக்காகக் கடைவாசலில் நின்று சத்தம் போட ஓர் ஆள் இருந்தார்.

அதன்பிறகு நான் பல ஊர்களில் பல வேலைகள் பார்த்தேன். ஏரலுக்குப் போனால் ஆற்றில் அரிக்க மணல் இல்லை, லாரிகள் அள்ளிப் போய்விட்டன. மாதிரிக் காசை இப்போது போனில் படம் போட்டு விற்கிறார்கள், அதே பொடி எழுத்தோடு. போன மாதம் இசக்கி கூப்பிட்டான். "மாமா போயிட்டாருலே" என்று சொல்லிவிட்டுப் பேச முடியாமல் விம்மினான். இப்படி அழுவதற்கும் அவனுக்கு ஓர் ஆள் இருந்திருக்கிறாரே என்றுதான் எனக்குத் தோன்றியது.