பின்சீட்டில் மூன்று பேர்

டீச்சர் முதன்முதலில் எங்கள் ஷோரூமுக்கு வந்தபோது கார் வாங்க வந்தவராகவே தெரியவில்லை. வீடு மாறிப் போகிறவர் மாதிரி இருந்தார். தன்னுடைய பழைய குட்டிக் காரின் பின்பக்கச் சாமான் கதவைத் திறந்து ஒரு குழந்தை இருக்கையைத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் பளபளப்பான தரையில் வைத்தார். திரும்பிப் போய் இன்னொன்றைக் கொண்டுவந்தார். மூன்றாவதைக் கொண்டுவரும்போதுதான் நான் ஓடிப்போய்க் கதவைப் பிடித்தேன். கைக்குழந்தைக்கு ஒன்று, நடக்கிற பிள்ளைக்கு ஒன்று, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு முதுகுச் சாய்வு இல்லாத மேடை மாதிரி ஒன்று. மூன்றையும் வரிசையாக வைத்துவிட்டுத் துப்பட்டாவால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "இது மூணும் பக்கத்துல பக்கத்துல உக்கார்ற மாதிரி ஒரு காடி காட்டுங்க அண்ணே," என்றார். காடி என்றால் எங்கள் ஊர்ப் பேச்சில் கார். விலை கேட்கவில்லை, நிறம் கேட்கவில்லை. மலேசியாவின் கிள்ளானில் அத்தனை வருடமாகக் கார் விற்றும் அப்படியொரு கேள்வியை நான் கேட்டதில்லை.

என் தொழிலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து, படிப்பு ஏறாமல், வாயை மட்டும் மூலதனமாக வைத்துக்கொண்டு இந்த வேலைக்கு வந்தவன் நான். வருகிறவர் கதவைத் தள்ளும்போதே இவர் வாங்குவார், இவர் ஏசியில் குளுகுளுவென்று உட்கார்ந்து காபி குடித்துவிட்டுப் போவார் என்று கணக்குப் போட்டுவிடுவேன். டீச்சரைப் பார்த்ததும் வாங்குவார் என்று போட்டேன். அவருக்குப் பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்து, ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி ஓரத்து சோபாவில் உட்கார்ந்த அவர் வீட்டுக்காரரைப் பார்த்ததும் வாங்கமாட்டார் என்று போட்டேன். இரண்டு கணக்கும் சேர்ந்து எனக்குக் குழப்பமாகிவிட்டது. அந்த மனிதர் ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டே இருந்தார், ஆனால் விரல் அசையவே இல்லை.

பிள்ளைகள் மூன்று என்றால் ஏழு சீட்டு வண்டிதான். இது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ஞானம். எனக்கும் அதில்தான் கமிஷன் அதிகம் என்பதை மறைப்பானேன். டீச்சரை நேராக ஏழு சீட்டு வண்டியிடம் அழைத்துப் போய், அதன் அருமை பெருமைகளைப் பாட ஆரம்பித்தேன். அவர் பேசாமல் மூன்று இருக்கைகளையும் நடு வரிசையில் நெருக்கி வைத்துப் பார்த்தார். ஓரத்துக் கதவுகள் மூட மறுத்தன. ஒன்றைப் பின் வரிசைக்கு மாற்றலாம் என்று நான் சொன்னேன். "அப்படின்னா அந்தப் புள்ளைய எப்படிப் பின்னால ஏத்துறது?" என்று கேட்டார். நடு சீட்டை மடித்தால் வழி வரும் என்று சொல்ல வாயெடுத்தவன், அதில் பெல்ட் போட்டுக் கட்டியிருக்கும் குழந்தை இருக்கையைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டேன். மடிக்க முடியாது. ஆனாலும் விடுவேனா. பின்பக்கச் சாமான் கதவைத் திறந்து, கழுத்து டையை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டு, அதன் வழியாகவே உள்ளே தவழ்ந்து போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்து காட்டினேன். வெளியே வர வழி தெரியாமல் நான் தவித்ததைப் பார்த்து அந்த ஷோரூமே சிரித்தது. டீச்சரும் சிரித்தார். வீட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து போய் மோட்டார் சைக்கிளைக் கிளப்பிவிட்டார்.

அடுத்த சனிக்கிழமையும் டீச்சர் வந்தார், வீட்டுக்காரர் அதே சோபாவுக்குப் போனார். இடையில் செராஸில் ஒரு கடை, ஷா ஆலமில் இரண்டு கடை பார்த்துவிட்டு வந்திருந்தார். எங்கும் பொருந்தவில்லை. நான் பொறுமை இழந்து, "சின்னப் பாப்பாவ நீங்க மடியில வச்சிக்கலாம்லா டீச்சர். நாம எல்லாரும் அப்படித்தானே வளந்தோம்," என்றேன். அவர் கோபப்படவில்லை. "நான்தான் ஓட்டணும் அண்ணே. காலையில மூணு பேரையும் ஏத்திக்கிட்டு, ரெண்ட பேபிசிட்டர் வீட்டுல எறக்கி, ஒன்ன என் ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போவணும். மடிக்கு யாரு இருக்கா?" என்றார். பிறகு, பக்கத்துக் கடையில் ஒரு தே தாரேக் டீ குடிக்கலாமா என்று அவரே கேட்டார். அங்கே உட்கார்ந்துதான் விஷயத்தைச் சொன்னார்.

அவர்கள் டீச்சரின் பிள்ளைகள் இல்லை. அவருடைய தங்கையின் பிள்ளைகள். தங்கை நோயில் போய்ச் சேர்ந்துவிட்டாள். பிள்ளைகளின் அப்பாவுக்குச் சிங்கப்பூரில் வேலை, மூன்று சின்னதுகளை வைத்துக்கொண்டு அவரால் அங்கே சமாளிக்க முடியாது. கருமாதி முடிந்த அன்றைக்கே பெரியவர்கள் கூடி உட்கார்ந்து பேசிவிட்டார்கள். பையனை அவன் அத்தை ஈப்போவுக்குக் கூட்டிப் போவது, மூத்த பெண்ணைச் சிரம்பானில் உள்ள சித்தப்பா வீட்டில் விடுவது, பிள்ளை இல்லாத டீச்சர் கைக்குழந்தையை வளர்ப்பது. எல்லோருக்கும் அது நியாயமாகவே பட்டது. யார் மேலும் பாரம் விழாது. பள்ளி விடுமுறை முடியும்வரை மூவரும் டீச்சர் வீட்டில் ஒன்றாக இருக்கட்டும் என்று ஒரு சலுகை. அந்த விடுமுறையில் டீச்சர் பார்த்தார், மூத்தவள் பக்கத்தில் படுக்காவிட்டால் பையன் தூங்குவதில்லை. கைக்குழந்தை அழுதால் இருவரும் போய்த் தொட்டில் கயிற்றைப் பிடித்துக்கொள்கிறார்கள். இவர்களைப் பிரிக்கக்கூடாது என்று அவர் முடிவு செய்துவிட்டார்.

"அவரு கெட்டவரு இல்ல அண்ணே," என்று டீச்சர் தன் வீட்டுக்காரரைப் பற்றிச் சொன்னார். "பயப்படுறாரு. ஒன்னுன்னா சரிங்கிறாரு. மூணுன்னதும் முகம் மாறிடுது. கடைசில, மூணு பேரையும் ஒன்னா ஏத்துற மாதிரி நமக்கு ஏத்த காடி ஒன்னு கெடச்சா பாப்போம்னு சொன்னாரு. கெடைக்காதுன்னு நெனச்சுத்தான் சொன்னாருன்னு எனக்குத் தெரியும். ஆனா சொல்லிட்டாருல்ல." ஈப்போ அத்தை பையனை அழைத்துப்போக அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை வருகிறார் என்றும் சொன்னார். நான் தே தாரேக்கை அப்படியே வைத்துவிட்டேன். கமிஷன், மாதக் கடைசிக் கணக்கு எல்லாம் மண்டையை விட்டுப் போய்விட்டது. இந்த அம்மாளுக்கு ஒரு வண்டி கண்டுபிடிக்காவிட்டால் நான் என்ன சேல்ஸ்மேன் என்று எனக்கே ரோஷம் வந்துவிட்டது.

அந்த வாரம் நான் செய்த கூத்தை என் மனைவி இன்றும் சொல்லிக் காட்டுவாள். அளவு நாடாவை எடுத்துக்கொண்டு, எதிரில் இருந்த போட்டிக் கடைக்குள்கூட நுழைந்துவிட்டேன். கடைசியில் எங்கள் ஷோரூமிலேயே, கம்பம் என்கிற மலாய்க் கிராமத்து ஆட்கள்கூடக் கேட்காத ஒரு கலரில் மூலையில் நின்ற சாதாரண ஐந்து சீட்டு வண்டியின் பின்சீட்டு நல்ல அகலம் என்று தெரிந்தது. நடுவில் மேடு இல்லை. சனிக்கிழமை டீச்சருக்காக அதைத் துடைத்து முன்னால் நிறுத்தி வைத்தேன்.

அன்று பிள்ளைகளும் வந்திருந்தார்கள். குட்டிக் காரில் இரண்டு பேரைத்தான் ஏற்ற முடிந்தது என்று, மூத்த பெண்ணை மட்டும் டீச்சரின் தோழி ஒருவர் கொண்டுவந்து விட்டுப் போனார். அவளுக்கு ஆறு வயது இருக்கும். தலையை இழுத்துப் பின்னிய ரெட்டைச் சடை. தம்பியின் சட்டைக் காலரைப் பிடித்தபடியே நின்றாள். வீட்டுக்காரர் வழக்கம்போல சோபாவுக்குப் போய்விட்டார். நானும் டீச்சரும் வேலையை ஆரம்பித்தோம். கைக்குழந்தையைக் கதவோரம் வைப்பதுதான் வழக்கம், தூக்கி எடுக்க வசதி. பையனுக்கு மற்றக் கதவோரம். நடுவில் மூத்தவள். இருக்கைகள் மூன்றும் உட்கார்ந்துவிட்டன, கதவுகள் இரண்டும் மூடின. எனக்கு விசிலடிக்க வேண்டும் போலிருந்தது. பிறகு மூத்தவளை உட்கார வைத்து பெல்ட்டைப் போடப் பார்த்தால், கொக்கி மாட்டும் இடம் பையனின் இருக்கைக்கு அடியில் புதைந்து கிடந்தது. கையை விட்டால் விரல் போகவில்லை. அவள் தோள் இரண்டும் இரு பக்கமும் நசுங்கி முன்னால் வளைந்திருந்தது. டீச்சர் முயன்றார், நான் முயன்றேன், என் கைக் கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு மறுபடி முயன்றேன். கைக்குழந்தை அழ ஆரம்பித்தது. டீச்சரின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

அப்போதுதான் அந்தப் பெண் பேசினாள். எங்களுக்கு உதவி செய்கிறவள் போல, மெதுவாக, மரியாதையாகச் சொன்னாள்.

"பெரியம்மா, தம்பியும் பாப்பாவும் காடியில வரட்டும். நான் பெரிய புள்ளதானே. நான் பஸ்ல வரேன்."

 அவள் தானாகவே பெல்ட்டை விட்டுவிட்டு, தம்பியின் கால் படாமல் ஒதுங்கி இறங்கப் பார்த்தாள்.  அந்த வயதில் நான் ஒரு மிட்டாயைக்கூட விட்டுக்கொடுத்ததில்லை. அவளோ தன் இடத்தையே விட்டுக்கொடுத்தாள், அதுவும் எங்களுக்குச் சங்கடம் வரக்கூடாதே என்று.

ஹெல்மெட் தரையில் உருளும் சத்தம் கேட்டது. டீச்சரின் வீட்டுக்காரர் எழுந்து வந்துகொண்டிருந்தார். என் தோளைத் தொட்டு விலக்கினார். மூத்தவளைத் தூக்கி இறக்கி நிற்க வைத்தார். கைக்குழந்தையை டீச்சர் கையில் கொடுத்தார், பையனை என் கையில் திணித்தார். மூன்று இருக்கைகளையும் வெளியே எடுத்துத் தரையில் போட்டு, குந்தி உட்கார்ந்து அவற்றையே பார்த்தார். இத்தனை சனிக்கிழமைகளில் அவர் அவற்றின் பக்கம் வந்ததே இல்லை. இரண்டைச் சேர்த்து வைத்தார், திருப்பினார், மறுபடி சேர்த்தார். பிறகு, "பாப்பாவ நடுவுல போடுங்க," என்றார்.

நடுவில் போட்டால் தூக்கி எடுக்கக் கஷ்டம் என்று நான் ஆரம்பித்தேன். அவர் கேட்கவில்லை. அவர் கண்டது இதுதான். கைக்குழந்தையின் இருக்கை பின்பக்கம் பார்த்துத் திரும்பி இருக்கும். அதன் அகலமான தலைப்பகுதி முன்சீட்டுகளின் பக்கம் வந்துவிடும், குறுகலான கால்பகுதிதான் பின்சீட்டின் முதுகைத் தொடும். மற்ற இருவருக்கும் அகலம் தேவைப்படுவது அந்த முதுகுப் பக்கத்தில், தோள் இருக்கும் இடத்தில். ஆக, நடுவில் பாப்பா இருந்தால் இரண்டு பக்கமும் தோளுக்கு இடம் கிடைக்கிறது. வழக்கம் வழக்கம் என்று நான் கதவோரத்தையே கட்டிக்கொண்டு அழுதிருக்கிறேன். பையனைக் கட்டினார். பாப்பாவைக் கட்டினார். மூத்தவளைத் தூக்கி மற்றக் கதவோரம் வைத்து, பெல்ட்டை அவள் கையிலேயே கொடுத்து, "நீயே போடு பாப்போம்," என்றார். அவள் போட்டாள். டக்கென்று மாட்டியது.

அவர் அப்படியே கதவைப் பிடித்தபடி நின்றார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், அதை மறுபடி போட்டுக்கொள்ள மறந்து சட்டைப் பையில் வைத்துவிட்டார். மூத்தவள் அவரை நிமிர்ந்து பார்த்து, "நான் எறங்கவேணாமா பெரியப்பா?" என்று கேட்டாள். "வேணாம்மா. அது உன் எடம்," என்றார். பிறகு கைத்தொலைபேசியை எடுத்துக் கண்ணாடிச் சுவரோரம் போய் ஈப்போவுக்கு அழைத்தார். "அக்கா, நாளைக்கு வரவேணாம்... இல்ல, பையன் நல்லா இருக்கான். இங்கயே இருக்கட்டும்... சிரம்பானுக்கும் நானே சொல்லிடுறேன். ஆமா, மூணு பேரும்தான்."  டீச்சர் வண்டியின் கூரைமேல் கையை வைத்துக்கொண்டு நின்றார், கண்ணீர் வந்தது, துடைத்துக்கொள்ளவும் இல்லை.

இப்போது அந்தப் பெண் தன் உயரத்துக்கு வந்துவிட்டாள் என்கிறார் டீச்சர். போன தீபாவளிக்கு பிரிக்பீல்ட்ஸில் துணிக்கடை வாசலில் எல்லோரையும் பார்த்தேன். மூன்றும் மூன்று பக்கம் இழுக்க, வீட்டுக்காரர் நடுவில் பைகளைச் சுமந்துகொண்டு, இதில் எனக்கு என்ன சம்பந்தம் என்பது போல நின்றார். அந்த மனிதருடைய முகத்தில் இவ்வளவு சிரிப்பு இருந்ததா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

ஆனால் அவர்களை நினைக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் வருவது அந்தச் சனிக்கிழமையின் கடைசிப் பகுதிதான். ஓட்டிப் பார்க்காமல் எப்படி வாங்குவது என்று வீட்டுக்காரர் கேட்டார். சாவியைக் கொடுத்தேன். அவர் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பின்னால் நீட்டிப் பாப்பாவின் தலையில் வைத்துக்கொண்டார். வாடிக்கையாளர் வண்டியை ஓட்டிப் பார்க்கும்போது சேல்ஸ்மேன் கூடவே போகவேண்டும், அது எங்கள் கடையின் சட்டம். நானும் பழக்கதோஷத்தில் போய்ப் பின்கதவைத் திறந்தேன். மூன்று முகங்கள் என்னைப் பார்த்தன. மூத்தவள் தன் பெல்ட்டை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நான் கதவை மெதுவாகச் சாத்திவிட்டு, "போயிட்டு வாங்க பாஸ்," என்றேன்.

வண்டி சிக்னலில் திரும்பி மறைந்த பிறகு மேனேஜர் வெளியே ஓடி வந்தார். வண்டியைத் தனியாக அனுப்பிவிட்டு நீ ஏன் இங்கே நிற்கிறாய் என்று கேட்டார்.

"எடம் இல்ல பாஸ்," என்றேன். "காடி ஃபுல்."