ஹெட்லியின் பீரில் நுரை நிற்கவில்லை

ஹெட்லி க்ராப்ட்ரீ வீட்டில் காய்ச்சும் பீருக்கு ஒரே ஒரு குறைதான் உண்டு. ஆனால் யார்க்‌ஷயரின் ஹாலிஃபாக்ஸ் ஊரில் ஒரு மனுஷன் தலையில் துண்டைப் போட்டுக்கொள்ள அந்த ஒரு குறையே போதும். கிளாஸில் ஊற்றினால் நுரை நிற்காது. ஊற்றும்போது என்னவோ பொங்கிக்கொண்டுதான் வரும். அடடா என்று பார்ப்பதற்குள் அடங்கிவிடும். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவதற்குள் கிளாஸில் இருப்பது ஆறிப்போன கடுங்காப்பி மாதிரி ஆகிவிடும். லண்டன் பக்கம் அப்படித்தான் குடிக்கிறார்களாம். எப்படியோ குடித்துத் தொலைக்கட்டும். யார்க்‌ஷயரில் வீட்டுக்கு வந்தவனுக்கு நுரையில்லாத பீரைக் கொடுத்தால், இனிமேல் வராதே என்று சொன்னதாகத்தான் அர்த்தம்.

ஹெட்லி கார்ப்பெட் மில்லில் மெக்கானிக். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஓட்டிப் பார்த்து, கோளாறைப் பிடிப்பவர். பீரிலும் அதே வழிதான். முதன்முதலில் காய்ச்சியது வினிகராகப் போயிற்று. பிளாஸ்டிக் தொட்டியில் ஒரு கீறல், அதற்குள் அழுக்கு. தொட்டியை மாற்றினார். அடுத்தது பாட்டிலில் சர்க்கரை கூடிப்போய், மாடியில் வெந்நீர்த் தொட்டி இருக்கும் அலமாரிக்குள் ஒவ்வொன்றாக வெடித்தது. அவர் மனைவி டோரீன் அங்கேதான் துணி உலர்த்துவாள். அந்த வாரம் சர்ச்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் மூக்கை உறிஞ்சிவிட்டுக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்கள். அதன் பிறகு ஹெட்லி சர்க்கரையை அளந்து போட்டார், வெடிப்பது நின்றது. பிறகு நனைந்த அட்டைப்பெட்டி வாசனை ஒன்று வந்து படுத்தியது. மேலிருந்து சளசளவென்று ஊற்றாமல் குழாய் வழியாக மெதுவாக இறக்கினார், அதுவும் ஒழிந்தது. ருசி வந்துவிட்டது, நிறம் வந்துவிட்டது. நுரை மட்டும் மசியவில்லை.

சும்மா இருந்தாரா? பார்லி அவலைப் போட்டார். கோதுமை போட்டார். ஈஸ்டை மாற்றினார். தண்ணீரில்தான் கோளாறு என்று ஜிப்சம் கலந்தார். பாட்டில்களைக் கிருமிநாசினிப் பொடி போட்டுத் தேய்த்து, தண்ணீரை மாற்றி மாற்றி அலசினார், புத்தகத்தில் அப்படிப் போட்டிருக்கிறதே! கடைசியில் அதே புத்தகத்தில் இன்னொரு வரி கண்ணில் பட்டது. கொழுப்புதான் நுரைக்கு எமன். அவ்வளவுதான், டோரீனின் உருளைக்கிழங்கு சிப்ஸ் சட்டிக்கு வந்தது ஆபத்து.

"மாட்டுக் கொழுப்புல நீ சிப்ஸ் பொரிக்கிறே இல்ல, அந்தப் புகை போய் என் பீர்ல எறங்குது. இனிமே பீர் காய்ச்சற வாரத்துல அடுப்புல சட்டி ஏறக் கூடாது."

"கொழுப்பு என் சட்டியில இல்ல ஹெட்லி, ஒனக்குத்தான் ஏறிக் கெடக்கு."

ஆனாலும் விட்டுக்கொடுத்தாள். அவருக்குப் பீர் காய்ச்சாத வாரம் என்று ஒன்று கிடையாது, ஆகையால் அந்த வீட்டில் சிப்ஸும் கிடையாது. சிப்ஸ் தின்ன வேண்டுமென்றால் மூலைக்கடைக்குப் போய், காகிதத்தில் சுற்றி வாங்கி, மழையில் நின்று தின்றுவிட்டு வந்தாள். அவர் பீரை மட்டும் தொடுவதில்லை. முதல் தடவையே ஒரு வாய் குடித்துவிட்டு, "சோப்புத் தண்ணி மாதிரி இருக்கு" என்று கீழே வைத்தவள்தான். வேண்டுமென்றே வம்புக்கு இழுக்கிறாள் என்று ஹெட்லி எடுத்துக்கொண்டார்.

அதற்காக அவரைக் கெட்ட புருஷன் என்று சொல்லிவிட முடியாது. கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் பாத்திரம் கழுவுவது அவர்தான். மில்லில் இதைச் சொல்லிச் சொல்லி மற்றவர்கள் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்வார். தொட்டி நிறைய வெந்நீர், எலுமிச்சை வாசனை சோப்புத் திரவத்தில் தாராளமாக ஒரு பீச்சு, முழங்கை வரைக்கும் நுரை. தேய்த்ததை அப்படியே எடுத்துக் கவிழ்த்து வைப்பார், டோரீன் துண்டால் துடைத்து அடுக்குவாள். அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் இதே முறைதான். கொதிக்கக் கொதிக்க சோப்பில் கழுவினதை மறுபடி எவன் பச்சைத் தண்ணீரில் காட்டுவான்?

இப்படி இருக்கும்போதுதான் அவர்கள் மகள் லினெட்டுக்குக் கல்யாணம் கூடி வந்தது. மாப்பிள்ளை நல்ல பையன். மாப்பிள்ளையின் அப்பாதான் சிக்கல். எட்கர் ஆக்ராய்ட், ஆட்டுத்தலை என்ற பப்பின் சொந்தக்காரர்.

"பீர் பத்தி நீ கவலப்படாதய்யா. கடையிலேருந்து பீப்பாய் அனுப்பிடறேன்" என்றார் எட்கர்.

ஹெட்லிக்குச் சுருக்கென்றது. கல்யாண கவுனை டோரீன் தைத்துக்கொண்டிருந்தாள். கேக் டோரீனுடையது. பந்திக்கு வேண்டிய ஹாம் கறி கூட அவள்தான் வேகவைக்கப் போகிறாள். பெண்ணின் அப்பா என்று சொல்லிக்கொள்ள ஹெட்லி கையால் செய்தது என்று ஒன்று வேண்டாமா? இருப்பது அந்தப் பீர் ஒன்றுதான்.

"என் பொண்ணு கல்யாணத்துக்கு என் பீர்தான்" என்றார்.

எட்கர் தாடையைச் சொறிந்தார். "என் கடைக்கு வர்ற ஜனம்தான்யா கல்யாணத்துக்கும் வருது. சம்பந்தி பீர்ல நுரையே இல்லியேன்னு ஒருத்தன் கேட்டா நான் மூஞ்சிய எங்க கொண்டு வெச்சுக்கறது? ஒண்ணு செய்வோம். ஞாயித்துக்கெழமை வர்றேன், ஊத்து. நுரை நின்னா ஒன் பீர். நிக்கலேன்னா என் பீப்பாய்."

"அப்பா, பீப்பாயே வந்துட்டுப் போகட்டும்பா" என்று லினெட் கெஞ்சினாள்.

"நீ சும்மா இரு."

அந்த வாரம் வீட்டில் வெண்ணெய்க்கும் தடை. மூன்று பேரும் காய்ந்த ரொட்டியை மென்றார்கள். ஞாயிறு மதியம் ஹெட்லி, தன் கல்யாணத்துக்கு வந்த பரிசு கிளாஸ்களை அலமாரியின் உச்சியிலிருந்து இறக்கினார். பெரிய மனுஷன் வருகிறான், சும்மா கழுவினால் ஆகுமா? சோப்பை வழக்கத்துக்கு இரண்டு மடங்காகப் பீச்சினார்.

எட்கர் டை கட்டிக்கொண்டு வந்தார். ஹெட்லி கிளாஸைச் சாய்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஊற்றினார். நுரை எழுந்தது. லினெட் கைகளைக் கோத்துக்கொண்டாள். நுரை விளிம்புக்கு வந்தது, எட்டிப் பார்த்தது, பொசுக்கென்று போய்விட்டது.

ஹெட்லிக்குக் காதெல்லாம் சிவந்துபோயிற்று.

"இவதான்!" என்று திடீரென்று டோரீன் பக்கம் கையை நீட்டினார். "வியாழக்கெழம சாசேஜ் வறுத்தா! வாசனை எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? வேணாம் வேணாம்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன்!"

டோரீன் முகம் கறுத்துவிட்டது. சம்பந்தி எதிரில் என்பதால் மேஜை விரிப்பை இழுத்து நேராக்கினாள்.

எட்கர் மட்டும் நிதானமாக ஒரு வாய் குடித்தார். நாக்கைச் சப்புக்கொட்டினார். "பீரு பிரமாதமா இருக்குய்யா. நெசமா சொல்றேன்" என்றவர், கிளாஸை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனார். "எலுமிச்சம்பழம் போடுறியா?"

"சேச்சே! அதெல்லாம் எதுக்கு?"

"இந்த கிளாஸ யாரு கழுவுனது?"

"நான்தான்!" ஹெட்லிக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது, பழக்கதோஷம். "கல்யாணமான நாள்லேருந்து நான்தான். இந்த வீட்ல வேற யாரையும் தொடவிட மாட்டேன்."

"அலசுவியா?"

"எதுக்கு அலசணும்?"

எட்கர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு டோரீனைப் பார்த்தார். டோரீன் எட்கரைப் பார்த்தாள். அவள் முகத்தில் கறுப்பு போய் வேறு ஏதோ வந்துகொண்டிருந்தது.

"சோப்பு பட்டா நுரை செத்துடும்யா" என்றார் எட்கர். "என் கடையில அலசாத கிளாஸ்ல ஊத்தினா என் பொண்டாட்டி என்னையே வெளிய தள்ளிடுவா. இந்த வீட்ல நீ கழுவாத கிளாஸ் ஏதாவது இருக்கா? இப்ப அவசரத்துக்கு அலசினா வருஷக்கணக்கா படிஞ்சது போகாது."

எங்கே இருக்கும்? ஹெட்லி கை படாத கிளாஸ் அந்த வீட்டில் ஏது? அவர் விழித்துக்கொண்டு நிற்க, டோரீன் எழுந்து மாடிக்குப் போனாள். கனமான பழைய கிளாஸ் ஒன்றைக் கொண்டுவந்து, குழாயடியில் காட்டி, மேஜை மேல் வைத்தாள். இரண்டாவது பாட்டிலை எட்கரே திறந்து ஊற்றினார்.

நுரை எழுந்தது. விளிம்புக்கு வந்தது. விளிம்பைத் தாண்டி, கெட்டியாக, வெள்ளை வெளேரென்று அப்படியே நின்றது. லினெட் விரலால் தொட்டுப் பார்த்தாள், குழி விழுந்தது. ஹெட்லிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பெற்ற பெண் முதல் அடி வைத்தபோது கூட மனுஷன் இவ்வளவு கலங்கவில்லை.

"இதுய்யா பீரு!" என்று எட்கர் கிளாஸை எடுக்கக் கையை நீட்டினார். "அது சரி, இது எந்த கிளாஸ்மா?"

"ராத்திரி என் பல்லு செட்டப் போட்டு வைக்கற கிளாஸ்" என்றாள் டோரீன். "தெனம் காலைல நானே பச்சத் தண்ணியில அலசி வெச்சுக்குவேன். அதைத்தான் இவர் தொடமாட்டார், அருவருப்பா இருக்காம்."

நீட்டின கை அப்படியே திரும்பிப் போயிற்று. "அம்மா!" என்று லினெட் முகத்தை மூடிக்கொண்டாள். டோரீனுக்கு அந்தப் பல் செட் அவள் அப்பா போட்ட கல்யாணப் பரிசு. அவர்கள் காலத்தில் இருந்த பல்லையெல்லாம் பிடுங்கிப் புதுசு கட்டித்தான் பெண்ணை அனுப்புவார்கள், பிற்பாடு மாப்பிள்ளைக்குப் பல் டாக்டர் செலவு வரக்கூடாது பாருங்கள்.

கிளாஸ் மேஜை மேல் நின்றது. நுரையும் நின்றது.

"குடிய்யா" என்றார் எட்கர். "ஒன் பீரு, ஒன் பொண்டாட்டி கிளாஸு."

ஹெட்லி டோரீனைப் பார்த்தார். மழையில் நின்று சிப்ஸ் தின்றவள். முதல் நாளே சோப்பு என்று சொன்னவள். வெட்கம் பிடுங்கித் தின்றது. கிளாஸை எடுத்து அண்ணாந்து கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார். மீசையெல்லாம் நுரை.

"தப்பு என் மேலதான் டோரீன்" என்றார். "மன்னிச்சுடு."

"மொதல்ல மீசையத் தொடச்சுக்கோ" என்றாள் டோரீன். எழுந்து போய்ச் சிப்ஸ் சட்டியை அடுப்பில் ஏற்றினாள்.

கல்யாணத்துக்குப் பீப்பாய் வரவில்லை. எட்கர் கடை கிளாஸ்கள்தான் வந்தன. சர்ச் ஹாலில் ஆட்டுத்தலை ஜனம் முழுக்க ஹெட்லியின் பீரைக் குடித்துவிட்டு, இதை யார் காய்ச்சினது என்று கேட்டுக்கொண்டிருந்தது. பெண்ணின் அப்பா எழுந்து வாழ்த்திப் பேச வேண்டிய நேரம் வந்தபோது ஆளைக் காணோம். டோரீன்தான் கண்டுபிடித்தாள். பின்பக்கச் சமையலறையில் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, பச்சைத் தண்ணீர்க் குழாயடியில் ஒவ்வொரு கிளாஸாக அலசிக்கொண்டிருந்தார். கை நீலம் பாய்ந்திருந்தது.

"எல்லாரும் ஒன்னத் தேடறாங்க."

"இன்னும் ரெண்டே ரெண்டு இருக்கு" என்றவர், ஒரு கிளாஸை நன்றாக உதறி, பாட்டிலைத் திறந்து ஊற்றி அவளிடம் நீட்டினார். "நீ இன்னும் குடிக்கல."

டோரீன் நுரையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு நிறுத்தாமல் குடித்தாள். அந்தப் பழைய வார்த்தை வருமோ என்று ஹெட்லி அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். அவள் புறங்கையால் உதட்டைத் துடைத்துக்கொண்டு, காலி கிளாஸை அவர் கையில் கொடுத்தாள்.

"இன்னொண்ணு ஊத்து" என்றாள். "அதுக்கு முன்னாடி அலசு."