மூன்றாம் எச்சரிக்கை

தயாளன் சாருக்குப் பயப்படாத மாணவன் ஜார்ஜ்டவுனில் அந்த இடைநிலைப்பள்ளியில் இல்லை. அவர் நியாயம் தவறினார் என்று சொல்லவும் ஒருவன் இல்லை. இரண்டும் ஒரே ஆளுக்கு வாய்ப்பது லேசில்லை. சுங்கை பாக்காப் பக்கம் தோட்டத்தில் லாரி ஓட்டிய ராமசாமியின் மகன் அவர். பள்ளியில் கணக்கு ஆசிரியர். கட்டொழுங்குப் பொறுப்பு அவர் தலையில் விழுந்தபோது, அங்கே கட்டொழுங்கு என்று இருந்ததெல்லாம் அந்தந்த ஆசிரியரின் கோபம்தான். ஒருவர் காதைத் திருகுவார், இன்னொருவர் வெயிலில் நிறுத்துவார், அப்பன் பெரிய இடம் என்றால் எல்லாரும் வேறு பக்கம் பார்ப்பார்கள்.

தயாளன் அதையெல்லாம் ஒழித்துக் கட்டினார். எவன் பிள்ளையானாலும் ஒரே விதி. மூன்று எச்சரிக்கை, அதன் பிறகுதான் தண்டனை. அடி கிடையாது, நாலு பேர் முன்னால் மானத்தை வாங்குவது கிடையாது. முடி வெட்ட வேண்டி வந்தால்கூட அறைக்குள், கதவைச் சாத்திக்கொண்டுதான். தமிழ்ப் பையன்கள் தப்புச் செய்தால் மட்டும் அவருக்கு உள்ளூரக் கொஞ்சம் கூடுதலாகவே கடுப்பேறும். நம்ம ஆள் என்று சலுகை காட்டினார் என்ற பேச்சு வந்துவிடுமோ என்ற பயம். அந்தப் பயத்தைத்தான் அவர் நேர்மை என்று நினைத்துக்கொண்டிருந்தார், பாவம்.

தைப்பூசத்துக்கு வேண்டிக்கொண்டு முடி வளர்க்கும் பையன்களுக்கு அவரே ஒரு விலக்கு வைத்திருந்தார். வீட்டிலிருந்து ஒரு வரி எழுதி வாங்கி வந்தால் போதும். முந்தின வருஷத் தைப்பூசத்தில் இரண்டு பேர் அதை வைத்து அவர் காதில் நன்றாகப் பூச்சுற்றினார்கள். மாதக்கணக்கில் முடி வளர்த்தவர்கள், விழா முடிந்ததும் மொட்டையும் இல்லாமல் ஒன்றும் இல்லாமல், முடியைச் செம்பட்டையாக்கிச் சீவிக்கொண்டு சினிமாக்காரர்கள் மாதிரி வந்து நின்றார்கள். ஆசிரியர் அறையே சிரித்தது. தயாளனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. உடனே விதியைத் திருத்தினார். இனிமேல் கடிதம் செல்லாது, தாயோ தகப்பனோ நேரில் வந்து சொல்ல வேண்டும், இதில் யாருக்கும் விலக்கு இல்லை.

இந்த விதியில் வந்து மாட்டியவன் யுகேந்திரன். நான்காம் படிவம். கடலுக்கு அக்கரையிலுள்ள பாகான் டாலாமிலிருந்து ஃபெரி ஏறிப் பள்ளிக்கு வருகிறவன். தீபாவளிக்குப் பிறகு அவன் முடி வெட்டவில்லை.

“தண்ணீர்மலை முருகனுக்கு வேண்டியிருக்கேன் சார். தைப்பூசத்துக்கு எறக்கிடுவேன்.”

“அம்மாவ வந்து சொல்லச் சொல்லு.”

“அம்மாவுக்கு ஒடம்பு சரியில்ல சார்.”

இத்தனை வருஷத்தில் தயாளன் கேள்விப்பட்ட நோயாளி அம்மாக்களை எல்லாம் சேர்த்தால் ஓர் ஆஸ்பத்திரியே கட்டலாம். அப்பாவை வரச் சொன்னார். அப்பா இல்லை என்றான். வேறு பெரியவர்கள் யாராவது என்று கேட்டார். பையன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பேசாமல் நின்றதை அவர் திமிர் என்று எடுத்துக்கொண்டார்.

மலாய்மொழி ஆசிரியர் யூசுப் அவருக்கு நெடுநாள் சிநேகிதர். அவர் மட்டும் மெல்லச் சொன்னார்: “ஒரு தடவ வீட்டுக்குப் போய்ப் பாத்துட்டு வாங்களேன். பாலம் தாண்டுனா வந்துருச்சு.”

“ஒருத்தன் வீட்டுக்குப் போனா எல்லார் வீட்டுக்கும் போகணும் யூசுப். அப்புறம் ரூல் எதுக்கு?” என்றார் தயாளன். யூசுப் தோளைக் குலுக்கிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டார்.

மூன்றாம் எச்சரிக்கையும் தீர்ந்தது. தைப்பூசத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது, அறைக்குள், கதவைச் சாத்திக்கொண்டு, தயாளனே மெஷினைப் போட்டு ஒட்ட வெட்டினார். ஒரு வார்த்தை திட்டவில்லை. பையனும் அசையவில்லை. வெட்டி முடித்ததும் அவன் குனிந்து தரையிலிருந்த முடியைக் கையால் கூட்டிச் சேர்த்தான். “இதையாவது எடுத்துட்டுப் போறேன் சார்” என்றான். நாடகம் போடுகிறான் என்று நினைத்து, “போய் கிளாஸ்ல உக்காரு” என்றார் தயாளன். முடியைத் துப்புரவுக்காரர் பெருக்கி அள்ளிக்கொண்டு போனார்.

மறுநாள் யுகேந்திரன் பள்ளிக்கு வரவில்லை. அதற்கடுத்த நாட்களிலும் வரவில்லை. ஒரு வாரம் ஓடிய பிறகு, போக மாட்டேன் என்று தாம் சொன்ன அதே வீட்டுக்குத் தயாளன் காரை ஓட்டிக்கொண்டு போனார்.

அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் கதவைத் திறந்தவர் அவன் அம்மா ரமணி. முகம் ஊதியிருந்தது. இடது கையில் ஊசி ஏற்றி ஏற்றி நரம்பு முடிச்சு முடிச்சாகப் புடைத்திருந்தது. தயாளன் அந்தக் கையைப் பார்த்தார், பிறகு அதைப் பார்க்காமல் இருக்க முயன்றார். ஆஸ்பத்திரி கட்டலாம் என்று கேலியாக நினைத்தது இப்போது அவருக்கு ஞாபகம் வந்தது.

“உள்ள வாங்க சார். ரெண்டு கிட்னியும் போச்சு. வாரத்துல மூணு நாள் டயாலிசிஸ். அது ஆரம்பிச்ச அன்னிக்குத்தான் தம்பி வேண்டிக்கிட்டான். நான்கூட எதுக்குப்பா இதெல்லாம்னேன்.”

“நீங்க ஒரு வார்த்த போன்ல சொல்லியிருக்கலாமேம்மா.”

“நேர்லதான் வரணும்னு ரூலுன்னு சொன்னான் சார். அதான் கெளம்பி வந்தேன்.”

தயாளனுக்குப் புரியவில்லை. “எங்க வந்தீங்க?”

“ஃபெரி ஏறுற ஜெட்டி வரைக்கும் வந்தேன். மூச்சு வாங்கிருச்சு. நடக்க முடியாம கீழயே உக்காந்துட்டேன். ஒரு மலாய்க்காரப் பிள்ளதான் கிராப் டாக்சி புடிச்சு ஏத்தி விட்டுச்சு. தம்பிக்குத் தெரியாது. சொன்னா என்னை விட்டுட்டு ஸ்கூலுக்கே போகமாட்டான்.” அவர் குரலில் கோபமே இல்லை. “நீங்க ரூலத்தான் பாத்தீங்க சார். அதுல தப்பு சொல்ல முடியாது.”

அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தயாளன் தாங்கிக்கொண்டிருப்பார். பையன் எங்கே என்று கேட்டார். தூரத்து உறவில் ஒரு மாமா வேலை செய்யும் புக்கிட் தெங்கா தொழிற்சாலையில் பெட்டி கட்டும் வேலைக்குச் சேர்ந்துவிட்டான் என்றார் ரமணி.

“அடுத்த வருஷம் எஸ்.பி.எம். பரீட்சை. அவனுக்குக் கணக்கு நல்லா வரும்மா. அனுப்புங்கம்மா.”

“நானும் அழுது பாத்துட்டேன் சார்.”

அடுத்த கட்டொழுங்குக் கூட்டத்தில் தயாளன் தம் விதியைத் தாமே மாற்றினார். மூன்றாம் எச்சரிக்கைக்கு முன்னால் கட்டொழுங்கு ஆசிரியர் மாணவனின் வீட்டுக்குப் போயே ஆக வேண்டும். போய்ப் பார்க்காமல் தண்டனை இல்லை. எல்லாரும் கை தூக்கினார்கள். தலைமையாசிரியை, மற்றப் பள்ளிகளும் பின்பற்ற வேண்டிய யோசனை என்று பாராட்டினார். பாராட்டு முடியும்வரை தயாளன் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தைப்பூசத்தன்று காலையிலேயே தண்ணீர்மலை அடிவாரத்தில் முடியிறக்கும் கொட்டகைக்குப் போய்க் காத்திருந்தார். பையன் வருவான் என்று அவருக்குத் தெரியும். வந்தான், மஞ்சள் வேட்டியில், தனியாக. அவரைக் கண்டதும் பழக்க தோஷத்தில் கை கூப்பி, “வணக்கம் சார்” என்றான்.

“அம்மா எப்படிப்பா இருக்காங்க?”

“ஆஸ்பத்திரில சார். நேத்துச் சேத்தோம்.”

“யுகேன், ரூல மாத்திட்டேன்பா. இனிமே வீட்டுக்கு வந்து பாக்காம யாரையும் தண்டிக்க முடியாது. நீ வா. பாடம் விட்டதெல்லாம் நானே சொல்லித்தறேன்.”

“நல்லது சார். இனிமே உள்ள பசங்களுக்கு.”

“நான் செஞ்சது தப்பு. மன்னிச்சிரு.”

“கோவம் இல்ல சார். ஆனா சாமிக்குச் சொன்னது ஒண்ணு, குடுக்கறது ஒண்ணு. அம்மாவுக்கு ஏதாவது ஆச்சுன்னா எனக்கு அதான் ஞாபகம் வரும். தெனம் ஒங்க முகத்தப் பாத்துக்கிட்டு என்னால கிளாஸ்ல உக்கார முடியாது சார்.”

அதற்குள் அவன் முறை வந்துவிட்டது. பலகையில் உட்கார்ந்து தலையைக் குனிந்தான். முடியிறக்குகிறவர் அவன் தலையைத் தடவிப் பார்த்து, “இதுல என்னா தம்பி இருக்கு எடுக்க?” என்றார்.

“இருக்கறத எடுங்கண்ணே.”

சிறுநீரகத்துக்கும் முடிக்கும் சம்பந்தமில்லை என்று தயாளன் சொல்லியிருக்கலாம். கணக்கு வாத்தியாருக்கு அது தெரியாதா. தண்ணீரைத் தெளித்துக் கத்தி வைத்தார்கள். அதிக நேரம் ஆகவில்லை.