ஆள் உயர மெழுகுவர்த்தி

என் கணவர் உலக சாதனை செய்துவிட்டார் என்று சொன்ன அன்று, ஊரே சந்தோஷத்தில் சிரித்துக்கொண்டிருந்தது. நான் மட்டும் பின்கட்டில் நின்று, ஓட்டம் முடிந்து அவர் போன சிறுநீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பால் விடாத டீயின் நிறம்.

போர்ட் பிளேரிலிருந்து சிப்பிகாட் பண்ணை தாண்டிப் போய்த் திரும்பும் ஓட்டம் அது. மாரத்தான் தூரத்தை ஒரு ஜீப்பின் மீட்டரைப் பார்த்து நிர்ணயித்திருந்தார்கள். அது எத்தனை மழையில் நனைந்த ஜீப்போ! துறைமுகப் பட்டறையில் பிட்டர் வேலை பார்த்த மனிதர், கேன்வாஸ் ஷூவோடு உலகத்தையே ஜெயித்துவிட்டதாகக் கணக்கு வந்தது. போட்டியை நடத்திய பஞ்சாபி அதிகாரி ஊரெல்லாம் சொல்லிவிட்டார். சாதனையைச் சரிபார்க்க மெயின்லேண்டிலிருந்து ஒருவர் கப்பலில் வருவார், அவர் முன்னால் மறுபடி ஓட வேண்டும் என்று ஏற்பாடானது.

"டாக்டர்கிட்ட காட்டுவோங்க" என்றேன்.

"காட்டினா ஓட விடமாட்டான். வாயத் தொறக்க மாட்டேன்னு மாதா மேல சத்தியம் பண்ணு."

பண்ணித் தொலைத்தேன். அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் தன் காலைப் பிடித்துக்கொண்டு முனகுவார். இரண்டாம் ஓட்டத்தில் இவர் ரோட்டிலேயே விழுந்து கிடப்பது போலவே கண்ணுக்குள் ஓடியது. டாக்டரிடம் சொல்ல முடியாது. மாதாவிடம் சொல்லலாமே! எங்கள் கடற்கரைப் பக்கத்தில் உயிருக்குப் பயந்தால் ஆள் உயரத்துக்கு மெழுகுவர்த்தி நேர்ந்துகொள்வார்கள். யாருக்காக நேர்கிறோமோ அவரே அதைச் சுமந்து பீடத்தில் வைக்க வேண்டும்.

மத்தியானம் ஷிப்ட் முடிந்து அவர் தூங்கும்போது நூலால் அளந்தேன். வலியில் காலை மடக்கிப் படுத்திருந்தார். தலையிலிருந்து முழங்கால் வரை ஒன்று, முழங்காலிலிருந்து பாதம் வரை ஒன்று என்று அளந்து முடிச்சுப் போட்டேன். அந்தச் சாதனை செல்லாமல் போகட்டும் தாயே என்று வேண்டிக்கொண்டு, அந்த உயரத்துக்கு மெழுகுவர்த்தி செய்து அனுப்பச் சொல்லி, நூலைத் தூத்துக்குடியில் இருக்கும் என் அக்காவுக்கு அனுப்பினேன்.

கப்பல் வந்தது. நான் டிபன் கேரியரோடு ஆபீஸ் வராந்தாவில் நின்றேன். என் கணவரும் பஞ்சாபி அதிகாரியும் உள்ளே இருந்தார்கள். மெயின்லேண்டிலிருந்து வந்தவர் தமிழர். ஜீப் மீட்டர் என்றதும் சிரித்தார். "சரியா அளந்திருந்தாலும் ரோடு ஓட்டத்துக்கு உலக ரிக்கார்டு கிடையாது சார். ஒரு ஊர்ல மேடு, ஒரு ஊர்ல பள்ளம், முதுகுல காத்து. எதை எதோட ஒப்பிடுறது? மைதானத்துல ஓடினாத்தான் ரிக்கார்டு."

"அரே, பைர் தோ வஹி பைர் ஹை!" என்று பஞ்சாபி அதிகாரி மேசையைத் தட்டினார். எங்கே ஓடினாலும் ஓடுவது அதே கால்தானே என்பது அவர் கட்சி. நியாயமான கேள்விதான். அந்த மனுஷன் வாதத்தில் தோற்க வேண்டுமே என்று நான் வேண்டிக்கொண்டிருந்தேன்.

தோற்றார். இரண்டாவது ஓட்டம் ரத்தானது. என் கணவர் வெளியே வந்து, கேரியரை வாங்காமல் என்னைத் தாண்டி நடந்தார்.

மெழுகுவர்த்தி அடுத்த கப்பலில் வந்தது. கோயில் வாசலில் அவர் பக்கத்தில் நிறுத்தினால், அவரைவிட நாலு விரல் உயரம். ஜீப்பைக் கேலி செய்தேனே, என் நூல் என்ன வாழ்ந்தது!

"எதுக்கு நேர்ந்த?"

மாதா சந்நிதியில் பொய் சொல்ல வாய் வரவில்லை. "உங்க ரிக்கார்டு செல்லக் கூடாதுன்னு."

அவர் மெழுகுவர்த்தியின் உச்சியைக் கையால் தொட்டுப் பார்த்தார். "எனக்கும் பயமாத்தாண்டி இருந்துச்சு. ராத்திரியெல்லாம் பயந்துதான் கெடந்தேன்" என்றார். "இருந்தாலும் அந்த ரிக்கார்டு நின்னிருக்கலாம்."

தூக்க நான் கை கொடுத்தேன். விடவில்லை. தனியாகவே சுமந்துபோய் வைத்தார்.

அதற்குப் பிறகு அவர் ஓடி நான் பார்க்கவில்லை. ஊருக்குப் போகும் கப்பல் சங்கு ஊதி, நான் எங்கள் கைப்பிள்ளையை இடுக்கிக்கொண்டு கப்பல் துறையில் ஓடும்போதும், அவர் பின்னால் நடந்துதான் வந்தார்.