இடுப்பில் கூடின ரெண்டு இஞ்சி

பொம்புளைகளுக்குத் தைக்கிற தொழிலில் துணி பொய் சொல்லாது, டேப் பொய் சொல்லாது, இடுப்புதான் மாசத்துக்கு ஒரு தரம் பொய் சொல்லும்.

எழுபதுகளின் கடைசியில் மருதமுனையில், வீட்டு முன்னறையில் மெசினைப் போட்டு, குறுக்கே ஒரு திரையையும் கட்டிக்கொண்டு தைக்கத் தொடங்கினவள் நான். எங்கள் பக்கத்தில் சாரிக்குப் போடுகிறது இடுப்பு மூடின நீளச் சட்டை. வயிறு ரெண்டு இஞ்சி, அதாவது டேப்பில் ரெண்டு அங்குலம், ஊதினாலே கொளுக்கி மாட்டாது. மாதவிலக்கு நெருங்கினால் வயிறு பானை மாதிரி உப்புகிற கூட்டாளிமாரே, உங்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. அந்த ரெண்டு இஞ்சியால் றிஸானா என்கிற பிள்ளையின் கலியாணமே நிற்கப் பார்த்தது. அதைச் சொல்ல முந்தி, இடுப்பின் பொய் எனக்கு எப்படிப் பிடிபட்டது என்று சொல்ல வேண்டும்.

நூலின் குற்றம்

நற்பிட்டிமுனையிலிருந்து ஒரு டீச்சர் வருவா. சட்டை இறுக்கம் என்று கொண்டுவந்தா. பிரித்துப் பெருப்பித்துக் கொடுத்தேன். அடுத்த கிழமை தொளதொள என்று இருக்கிறது என்றா; பிரித்துச் சிறுப்பித்தேன். நாலாம் கிழமை திரும்பவும் இறுக்கம் என்று வந்து நின்றபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. புதுசாகத் தொடங்கினவளுக்குப் பேர் கெட்டால் அவ்வளவுதான்.

ஒரு கேள்வி கேட்க எனக்கும் தோன்றவில்லை, ஒரு சொல் சொல்ல அவவுக்கும் வாய் வரவில்லை. என் பாவாடை நாடா என் இடுப்பிலேயே சிவப்பாகத் தடம் போட்ட ஒரு நாளில்தான் சங்கதி விளங்கியது. டீச்சர் மட்டும் தன் முடிவை மாற்றவே இல்லை: “உங்கட நூலுக்கு என்னமோ வருத்தம் கா, ஒரு கிழமை சுருங்குது, ஒரு கிழமை விரியுது!”

தொழுகை இருக்கா?

அதுக்குப் பிறகு கேட்டுவிட்டே அளவெடுப்பது என்று தீர்மானித்தேன். எப்படிக் கேட்பது? அந்த நாளை எங்கள் ஊரில் ‘தொழுகை இல்லாத நாள்’ என்போம். ஆகவே டேப்பைக் கையில் எடுத்ததும் “தொழுகை இருக்கா?” என்பேன். சொறிக்கல்முனையிலிருந்து வந்த ஒரு அக்கா திகைத்துப்போய், “எங்களுக்கு எங்க தங்கச்சி தொழுகை, நாங்க கோயிலுக்கெல்லோ போற” என்றா. பழக்க தோசம்! இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

சிரிக்காதவ எங்கள் ஒழுங்கையிலிருந்த ஒரு பெரியம்மா. சுபஹுத் தொழுகைக்கு ஊரையே எழுப்புகிற மனுசி. நான் கேட்டதும் முக்காட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தா. “செத்த பொறகு கபுறுக்குழில மலக்குமார் வந்து கேக்கிற கேள்விய நீ ஏன் கா டேப்போட வந்து கேக்காய்?”

திரைக்கு அந்தப் பக்கம்

ஒரு நெசவுக்கார மனுசன் பெண்சாதியின் சட்டையைச் சைக்கிளில் கொண்டுவந்து, வயிற்றடியில் இறுக்குதாம் என்றார். ஆம்பிளையிடம் எதை விளக்குவது? திரைக்குள் நின்றபடியே, “வகுத்துக்கு ரெண்டு இஞ்சி போட்டாச் சரியா வரும். இப்ப பிரிக்க வேணாம், அவவ வரச் சொல்லுங்க” என்றேன். மனுசன் நேரே சந்தைக்குப் போய்க் கொழுத்த இஞ்சியாக ரெண்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறார்! தையல்காரி சொன்ன மருந்தாச்சே என்று அவவும் ஒரு துண்டைத் தட்டிப்போட்டு அவித்துக் குடித்திருக்கிறா. இரண்டு நாள் அப்படிக் குடிக்க வயிறு லேசாகி, கொளுக்கியும் மாட்டிவிட்டது. பாதி இஞ்சியால், பாதி நாள் கழிந்ததால் என்று எனக்குத் தெரியும். ஆனால் சட்டையைப் போட்டுக்கொண்டே ஓடிவந்தவளிடம் அதைச் சொல்ல மனம் வரவில்லை: “பிரிக்காமலே பெருப்பிச்சிட்டீங்களே ராத்தா!”

கருவாட்டுக் கட்சி

பிறகென்ன, அளவெடுக்க வந்தவர்களுக்கெல்லாம் நான் வைத்தியர். இஞ்சித் தண்ணி குடியுங்கள், இல்லாட்டி ஓமத்தை அவித்துக் குடியுங்கள். போத்தலில் சுடுதண்ணி விட்டுத் துணி சுற்றி அடிவயிற்றில் வையுங்கள். பாவாடை நாடாவைத் தளர்த்திக்கொண்டு முற்றத்தில் நாலு நடை நடங்கள். அந்தக் கிழமை உப்பைக் குறையுங்கள். இரத்தம் நின்று கிழமை கழிந்தும் வற்றாத வயிறென்றால் டேப்பைச் சுருட்டி வைத்துவிட்டு, டாக்டரிடம் போங்கள் என்று விரட்டிவிடுவேன்.

எல்லாவற்றுக்கும் தலையாட்டின எங்கள் சாச்சி உப்பில் வந்து நின்றுவிட்டா. “கருவாட்ட விடவா? நீ சட்டைய ரெண்டு இஞ்சி பெருசாத் தைச்சித் தா கா!”

கொளுக்கி மாட்டாத சட்டை

இப்போது றிஸானா. கலியாணச் சட்டைக்கு அளவெடுத்தபோது இடுப்பு இருபத்தாறு. கூட வந்த மாப்பிள்ளையின் மூத்த சகோதரி ஹமீதாதான் அதைக் கொப்பியில் எழுதினா. இரண்டு கிழமை கழித்துப் போட்டுப் பார்க்க வந்தார்கள். கீழ்க் கொளுக்கி மூன்றும் மாட்டவில்லை. ஹமீதா பிள்ளையின் வயிற்றைப் பார்த்தா, முகத்தைப் பார்த்தா, செருப்பை மாட்டிக்கொண்டு போயிட்டா. மறுநாளே மாப்பிள்ளை வீட்டிலிருந்து சொல்லி வந்தது, கலியாணத்தைக் கொஞ்சம் தள்ளிவைப்போம் என்று. ஏன் என்று சொல்லவில்லை. கலியாணத்துக்கு முந்தியே பிள்ளை தங்கிவிட்டது என்ற சந்தேகம்தான், சொல்லத் தேவையும் இல்லை. பிள்ளையின் உம்மா என் மெசினடியில் இருந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதா. அந்தப் பிள்ளைக்குச் சட்டை போட்டுப் பார்த்த அன்று பின்னேரமே மாதவிலக்கு வந்துவிட்டது. அதை யாரிடம் போய்ச் சொல்வது, சொன்னால் யார் நம்புவது? எனக்குப் பற்றி எரிந்தது.

ஒரு கிழமை பொறுத்து, றிஸானாவை வரவைத்துவிட்டு, நானே போய் ஹமீதாவைக் கையோடு கூட்டிவந்தேன். “இப்ப டேப்ப நீங்களே பிடிங்க” என்றேன். பிடித்தா. இருபத்தாறு. திரும்பவும் பிடித்தா. இருபத்தாறேதான். “மாசா மாசம் ஊதி வத்துற வகுறு இது. நீங்களும் பொம்புளதானே, உங்களுக்கு ஊதுறல்லயா?” என்று குத்தலாகத்தான் கேட்டேன்.

ஹமீதா அப்படியே நிலத்தில் இருந்துவிட்டா. கலியாணம் முடித்து ஐந்து வருடம், பிள்ளை இல்லை. அவவுக்கும் மாசா மாசம் ஊதுமாம். ஊதினால் பிள்ளை தங்கிவிட்டது என்று நினைப்பாவாம். நாலு நாளில் இரத்தத்தைக் கண்டால் அழிந்துபோயிட்டு என்று குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு அழுவாவாம். ஒருத்தருக்கும் சொன்னதில்லை. என் கோபமெல்லாம் எங்கே போனதோ தெரியாது, அவ கையைப் பிடித்துக்கொண்டு நானும் அழுதேன். அவ என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டா: “அப்ப என்ட வகுறு ஒரு புள்ளயையும் கொல்லல்லயா, ராத்தா?”

றிஸானாவின் கலியாணம் குறித்த நாளிலேயே நடந்தது, ஆனால் மீன் விலை கூடினதை நாலு வீட்டுக்குப் போய்ச் சொல்லுகிற நம்ம பொம்புளைகள், வயிறு ஊதினதை மட்டும் கூடப்பிறந்தவளுக்கும் சொல்ல மாட்டோம்.