மாதேஸ்வரி அக்கா போட்ட தப்பு

மாதேஸ்வரி அக்காவின் மகன் குமரேசன் போன் செய்தபோது நான் பொம்மிடியில் மாவு மில்லில் கேழ்வரகை அரைக்கக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டிருந்தேன். மில் ஓடிய சத்தத்தில் அவன் சொன்னது காதில் விழவில்லை. ரோட்டுக்கு வந்து நானே திரும்பக் கூப்பிட்டேன். "அம்மா போயிடுச்சுங்க சித்தி. காத்தால டீ குடிச்சிட்டு, செத்த படுக்கறேன்னு படுத்துச்சு. அவ்ளோதான்" என்றான். மாவை மில்லிலேயே போட்டுவிட்டு பஸ் ஏறினேன். தர்மபுரியில் இறங்கிப் பென்னாகரம் பஸ் மாறியபோதுகூட எனக்கு அழுகை வரவில்லை. இண்டூர் தாண்டியதும் ரோட்டோரமாக ஓர் எருமை படுத்து அசை போட்டுக்கொண்டிருந்தது. வாய் ஒரு பக்கமாகக் கோணி, கண் பாதி மூடி, உலகத்தில் எதுவுமே தனக்குச் சம்பந்தமில்லை என்கிற முகம். அது அக்கா வரைந்த எருமையேதான். அதைப் பார்த்ததும் உடைந்து அழுதுவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

உங்களில் பலருக்கு மாதேஸ்வரி அக்காவை அவருடைய படங்கள் வழியாகத்தான் தெரியும். பூனை, காக்கா, பன்றிக்குட்டி, கழுதை என்று அவர் வரைந்த பிராணிகள் இந்த மாவட்டத்தில் பள்ளிக்கூட நூலகம் உள்ள ஊர்களிலெல்லாம் இருக்கின்றன. ஒவ்வொரு படத்திலும் ஒரு தப்பு இருக்கும் என்பதும் உங்களுக்குத் தெரியும். பூனைக்கு ஒரு பக்கம் மீசை இருக்காது. காக்காயின் கால் நகம் ஒன்று மஞ்சளாக இருக்கும். அதைத் தேடிக் கண்டுபிடிப்பதைப் பிள்ளைகள் ஒரு விளையாட்டாகவே ஆக்கிவிட்டார்கள். அந்தத் தப்பு எங்கிருந்து வந்தது என்று அக்கா என்னைத் தவிர யாருக்கும் சொன்னதில்லை. இப்போது நான் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

நான் அவரைக் கண்டுபிடித்ததே ஒரு சுவரில்தான். அப்போது தர்மபுரியிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு சின்னச் சிறுவர் இதழுக்குக் கதை எழுதிக்கொண்டிருந்தேன். படம் போட ஆள் கிடைக்காமல் ஆசிரியர் திண்டாடிக்கொண்டிருந்தார். பென்னாகரம் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போகும்போது, பஸ் ஜன்னல் வழியாக ஒரு பால்வாடியின் சுவரைப் பார்த்தேன். அதில் ஓர் எருமை. சிரிக்கவில்லை, பூ வைத்துக்கொள்ளவில்லை, பாடம் நடத்தவில்லை. சும்மா நின்றது. கல்யாண வீட்டில் சாப்பிட்டதும் முதல் வேலையாக அந்தப் பால்வாடிக்குப் போனேன். அங்கே வேலை பார்த்த டீச்சர்தான் வரைந்தவர். பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டுச் சுண்டல் சட்டியைத் துலக்கிக்கொண்டிருந்தார். முகவாயில் மிளகு அளவுக்கு ஒரு மச்சம். அதைத் தடவிக்கொண்டே நான் சொன்னதையெல்லாம் கேட்டார். என் கதையில் ஒரு சிங்க ராஜா வந்தது. "சிங்கத்தை நான் எங்க போயிப் பாக்கறது? உன் ராஜாவை எருமையா மாத்திக்கிறியா?" என்றார். மாற்றிக்கொண்டேன். கதை கொஞ்சம் மெதுவாகப் போனாலும் நன்றாகத்தான் இருந்தது.

பார்க்காத பிராணியை வரைய மாட்டார். பார்த்ததையும் சும்மா வரைய மாட்டார். ஒரு பிராணியை வரையவேண்டும் என்றால் அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அதற்குத் தின்ன ஏதாவது போட்டுவிட்டு, அது தன்னை மறந்துபோகும் வரைக்கும் காத்திருப்பார். அதற்குப் பிறகுதான் சார்ட் அட்டையில் பென்சில் படும். என்னிடம் கோபம் வந்தால், "நீ ஒரு கழுதைகூட ஒரு நாள் உக்காந்திருந்தா இப்படி எழுதுவியா?" என்பார். நானும் விடமாட்டேன். அவர் வரையும் மரங்கள் எல்லாம் காலிஃபிளவர் மாதிரி இருக்கும். அதைச் சொல்லிச் சொல்லி வெறுப்பேற்றுவேன். மரத்துக்குக் கண் இல்லையே, பார்த்துப் பார்த்து என்னத்தை வரைவது என்று முணுமுணுப்பார்.

நாங்கள் சேர்ந்து செய்த முதல் புத்தகம் ஒரு கிடாவின் கதை. தினமும் பிள்ளைகளுக்கு முன்னால் நடந்து பள்ளிக்கூடம் போகும் தாடிக்காரக் கிடா. அக்கா ஊரில் அழகான கிடாவாகப் பார்த்துப் பொறுக்கினார். பக்கத்து வீட்டில் சின்னப்பொண்ணு என்பவர் வளர்த்தது. நல்ல கறுப்பு, நெற்றியில் வெற்றிலை போல ஒரு வெள்ளை, நாய் கடித்துக் கிழிந்த இடது காது. எங்கள் பக்கத்தில் ஓர் ஊரில் அழகான ஆடு எது என்று பார்த்தால், அது பெரும்பாலும் சாமிக்கு நேர்ந்துவிட்ட ஆடாகத்தான் இருக்கும். அதை யாரும் விற்க மாட்டார்கள், அடிக்க மாட்டார்கள், யார் கொல்லையில் மேய்ந்தாலும் திட்ட மாட்டார்கள். சின்னப்பொண்ணுவின் மகன் லாரியில் போய் அடிபட்டு ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தபோது, பிழைத்து வந்தால் கிடா வெட்டிப் பொங்கல் வைக்கிறேன் என்று அவர் முனியப்பனுக்கு வேண்டிக்கொண்டார். மகன் பிழைத்து வந்தான். கிடா வளர்ந்தது. இதெல்லாம் அக்காவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தெரிந்தேதான் வரைந்தார். அதில் யோசிக்க ஏதாவது இருக்கிறது என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

புத்தகம் வந்தது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் வாசித்தார்கள். நெற்றி வெள்ளையையும் காதையும் வைத்து அடையாளம் கண்டுபிடிக்க அவர்களுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? சாயங்காலம் ஆனால் சின்னப்பொண்ணு வீட்டு வாசலில் கூட்டம். அகத்திக்கீரை, வேலங்காய், தேன்மிட்டாய் வரைக்கும் கொண்டுவந்தார்கள். அவருக்கும் முதலில் பெருமையாகத்தான் இருந்தது. என் கிடா புஸ்தகத்தில் வந்திருக்கிறது என்று சந்தையில் எல்லோரிடமும் சொன்னார். ஆடி மாதம் பொங்கலுக்கு நாள் குறித்ததும் பேச்சு மாறியது. பிள்ளைகள் வீட்டில் அழுதார்கள். சிலர் சோறு வேண்டாம் என்றார்கள். ஒரு நாள் காலையில் கிடாவை ஓட்டிக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் கட்டி, அதைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். கதையில் வருகிற மாதிரியே அது அவர்களுக்கு முன்னால் நடந்து போயிற்று என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

அன்று நான் அக்கா வீட்டில் இருந்தேன். சின்னப்பொண்ணு வந்தார். சண்டை போடுவார் என்று நினைத்தேன். சத்தமே போடவில்லை. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று சொன்னார்:

"அது எம் புள்ள உசுருக்கு நேந்தது மாதேசு. உம் புஸ்தகத்துக்கு நேரல."

அக்கா எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். நானும் பின்னாலேயே போனேன். அவருக்கு அப்போது என்ன தோன்றியிருக்கும் என்று எனக்குத் தெரியும். ஒரு பக்கம், தான் குழந்தையிலிருந்து பார்த்த பையனின் உயிர், அவனுடைய தாயின் வாக்கு. இன்னொரு பக்கம், தன் படத்தை நம்பிய பிள்ளைகள். இரண்டில் எதைத் தொட்டாலும் ஒன்று ஒடியும். போகிற வழியிலேயே ஒரு முடிவுக்கு வந்திருந்தார். பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்து, இது புத்தகத்துக் கிடா இல்லை, அது வேறு, நான் மனசிலிருந்து வரைந்தது என்று சொன்னார்.

பிள்ளைகள் புத்தகத்தைத் திறந்தார்கள். கிடாவின் முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். நெற்றியில் அதே வெற்றிலை. காதில் அதே கிழிசல், கிழிசலின் ஓரத்தில் முடி முளைக்காத இடம்கூட அதே அளவு. இரட்டைச் சடை போட்ட ஒரு சிறுமி தலையை ஆட்டினாள். "இதான் டீச்சர் அது. பொய் சொல்லாதீங்க" என்றாள்.

அக்கா தோற்றுப்போய் நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். அவ்வளவு நன்றாக வரைந்திருந்தார், தப்பிக்க வழியில்லை. கயிற்றை அவரே அவிழ்த்தார். கிடாவை அவரே பிடித்துக்கொண்டு போய்ச் சின்னப்பொண்ணுவின் கையில் கொடுத்தார். பிள்ளைகள் யாரும் தடுக்கவில்லை. அழவும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பொங்கல் அன்று கிடாக்கறியில் அக்காவின் பங்கு வந்தது. தூக்குப்போசியைத் திண்டின் மேல் வைத்துவிட்டுச் சின்னப்பொண்ணு நிற்காமல் போய்விட்டார். அக்கா அடுப்பைப் பற்றவைத்து, மிளகாய் அரைத்து, எப்போதும் செய்வது போலவே குழம்பு வைத்தார். வேண்டாம் அக்கா என்றேன். சாமி பங்கை வேண்டாம் என்று சொன்னால் அது அவள் மகனை வேண்டாம் என்று சொன்ன மாதிரி என்றார். சோற்றில் ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டார். கண்ணிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது, துடைக்கவில்லை. சாப்பிட்டு முடித்ததும் போசியைக் கழுவி, வெறும் பாத்திரமாகத் திருப்பித் தரக்கூடாது என்று ஒரு பிடி வெல்லம் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தார். அவர்கள் சிநேகம் அந்த வெல்லத்தில் பிழைத்துக்கொண்டது.

அடுத்த புத்தகத்தில்தான் மஞ்சள் நகம் வைத்த காக்கா வந்தது. பதிப்பாளர் அது அச்சுப்பிழை என்று நினைத்தார். நான் பிரஷ் தவறிவிட்டது என்று நினைத்தேன். திருத்தக்கூடாது என்று அக்கா ஒற்றைக்காலில் நின்றார். அதற்கடுத்து எருமைக்கு நீலக் குளம்பு, மயில் தோகையில் தலைகீழாக ஒரு கண். பதிப்பாளர் கோபித்துக்கொண்டு, பிறகு பிள்ளைகள் அதற்காகவே புத்தகம் கேட்டு வருவதைப் பார்த்து, வாயை மூடிக்கொண்டார். ஒருமுறை ஒகேனக்கல் போகிற பஸ்ஸில் நான் நேராகவே கேட்டேன். "சரியாப் போட்டா யாராவது அதைத் தேடிக்கிட்டுப் போயிடறாங்க விஜி. ஒரு தப்பு இருந்தா, அது நெசமா இருக்கற எதுவும் இல்ல. அது பாட்டுக்கு இருக்கும்" என்றார்.

பல வருஷம் கழித்துக் கிடா புத்தகத்தை மறுபடி அச்சிட்டார்கள். இந்தப் படத்தில் மட்டும் தப்பு இல்லையே, ஒன்று சேர்த்துக் கொடுங்கள், பிள்ளைகள் ஏமாந்துபோவார்கள் என்று பதிப்பாளர் கேட்டார். அக்கா மாட்டேன் என்றுவிட்டார். "அது ஒண்ணு சரியாவே இருக்கட்டும்ங்க. அது இருந்த ஆடு" என்றார். மூலப் படத்தை அன்றைக்கே ஒரு பழைய சேலைத் துணியில் சுற்றி என்னிடம் கொடுத்துவிட்டார். அவர் வீட்டில் அதை மாட்டிவைக்க முடியாது என்பதை அவர் சொல்லி நான் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் சின்னப்பொண்ணு வீடு.

கடைசி வருஷங்களில் கை நடுங்க ஆரம்பித்தது. கண்ணில் புரை எடுத்த பிறகும் கோடு கோணிற்று. அழுவார் என்று பயந்துகொண்டே போனால், சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "முன்னாடி ஒரு தப்புக்கு ஒரு நாள் யோசிப்பேன். இப்ப கூப்பிடாமயே வந்து நிக்குது" என்பார். அதிகப்படியான தப்புகளையெல்லாம் வெள்ளைச் சாயம் வைத்து அழித்து, தனக்குப் பிடித்த ஒன்றை மட்டும் விட்டுவைப்பார்.

அடக்கம் முடிந்து வீட்டுக்குத் திரும்பிய நான், பால் தெளிக்கும் சடங்குக்கு மறுபடி வந்து பென்னாகரத்தில் இறங்கியதும் பஸ் ஸ்டாண்டில் பெரிய பேனரைப் பார்த்தேன். அக்காவின் படம், மேலே இரண்டு புறா, கீழே சொந்தக்காரர்கள் பெயர்கள். எத்தனையோ வருஷப் பழக்கம், கண் தானாகவே தேடியது. முகவாயில் மச்சம் இல்லை. பேனர் கடைக்காரர்கள் முகத்தைப் பளிச்சென்று ஆக்கும்போது அழுக்கு என்று நினைத்து அதைத் துடைத்திருக்கிறார்கள்.

வீட்டுக்குப் போனால் அங்கே மச்சத்தைப் பற்றித்தான் பேச்சு. வாசலிலும் அதே பேனர் கட்டியிருந்தது. குமரேசன் கோபத்தில் இருந்தான். கடைக்காரனை உண்டு இல்லை என்று பண்ணுகிறேன், இன்றைக்கே வேறு அடித்து மாட்டுகிறேன் என்று வண்டிச் சாவியை எடுத்தான். சின்னப்பொண்ணு பேனருக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். இப்போது அவருக்குக் காது சரியாகக் கேட்பதில்லை, முதுகும் கூன். கையை நீட்டிக் குமரேசனின் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"வுடு கண்ணு. அப்படியே இருக்கட்டும். அது அவ இல்ல."

அவன் புரியாமல் நின்றான். நான் சின்னப்பொண்ணுவையே பார்த்தேன். இத்தனை காலம் அந்தத் தப்பின் காரணம் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அக்காவின் படங்களை அவர் பார்ப்பார் என்றுகூட எனக்குத் தெரியாது. பக்கத்தில் போய் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். இருவரும் வெகுநேரம் அழுதோம்.

பேனரை மாற்றவில்லை. அதே படத்தைச் சின்ன அட்டையாக அடித்து வந்தவர்களுக்குக் கொடுத்தார்கள். ஒன்றை வாங்கிவந்து, என் மேஜைக்கு மேலே, கிடாவின் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியவை இவை இரண்டும்தான். கிடாவின் நெற்றி, காது, காதில் முடி முளைக்காத இடம், எல்லாம் சரியாக இருக்கிறது. அது இருந்து, போய்விட்டது. பக்கத்தில் மச்சம் இல்லாத மாதேஸ்வரி அக்கா, அவர் பாட்டுக்கு இருக்கிறார். காலையில் எழுத உட்காரும்போது அந்த முகவாயைத்தான் முதலில் பார்க்கிறேன். அங்கே ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் மனசு சமாதானமாகி, எழுதத் தொடங்குகிறேன்.