லேப்டாப்புக்கும் ஒரு பொட்டு

என் லேப்டாப்பின் திரை செத்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. புதுசு வாங்கச் சொல்லாத ஆள் இல்லை. நான் வாங்கவில்லை. ஓர் அடாப்டரைச் சொருகி, அதிலிருந்து கேபிள் இழுத்து, வீட்டு டிவியையே திரையாக்கிக்கொண்டேன். புக்கிட் ரம்பாய் தொழிற்சாலையில் ஆள் குறைத்தபோது என்னை அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு அழைப்பிதழ் வடிவமைக்கக் கற்றது இந்த டிவியைப் பார்த்துத்தான்.

அதுவரை தெரிந்தவர்களின் பிறந்தநாள் அட்டைகள் மட்டும் செய்திருந்தேன். அன்று மதியம் தஞ்சோங் கிளிங்கிலிருந்து ஒரு கல்யாணப் பெண்ணின் அம்மா வருவதாக இருந்தது. பெரிய திரையில் பார்த்துப் பிடித்தால் வேலை எனக்கு, இல்லாவிட்டால் தெங்கேராவில் உள்ள அச்சுக்கடைக்கு. போனிலேயே கறாராகச் சொல்லிவிட்டார்.

காலையில் டிவியைப் போட்டேன். 'நோ சிக்னல்' என்றது. பிடுங்கிச் சொருகினேன். இன்னும் அழுத்திச் சொருகினேன். அதே.

டவுனில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் தெரிந்த தம்பிக்கு போன் செய்தேன்.

"ரோசாக் லா அக்கா, கெட்டுப்போச்சு. ஓல்ட் மாடல். புதுசு எடுத்துருங்க."

பார்க்காமலே தீர்ப்பு. என் கணவர் லாரி ஓட்டுகிறவர். சோபாவில் காலை நீட்டிக்கொண்டு, "கடைக்காரனே சொல்லிட்டான்ல. அந்தம்மாவ நாளைக்கு வரச் சொல்லு" என்றார்.

"நாளைக்கு அவங்க தெங்கேராவுல இருப்பாங்க. நீங்க வாய மூடிக்கிட்டு உக்காருங்க."

கோபம் வந்தால் எனக்கு மூளை நன்றாக வேலை செய்யும். கேபிளை அடாப்டரிலிருந்து உருவி, சேனல் பெட்டியில் சொருகினேன். ஏதோ பழைய படம் ஓடியது. டிவியும் கேபிளும் நல்லவை. மவுஸை அடாப்டரின் பக்கத்து ஓட்டையில் சொருகினேன். சிவப்பு விளக்கு எரிந்தது. லேப்டாப்புக்கு உயிர் இருக்கிறது, அடாப்டருக்கும் கரண்ட் போகிறது. மிச்சம், டிவி கேபிள் போகிற அந்த ஓர் ஓட்டைதான்.

அடாப்டரைக் கழற்றி முகத்தருகே கொண்டுபோனேன். வெதுவெதுப்பாக இருந்தது. சந்தனம் மணந்தது.

முந்தின நாள் ஆயுத பூசை. லாரி டயர், ஸ்டியரிங், மாவு அரைக்கிற மிஷின், காஸ் அடுப்பு என்று வீடு முழுக்கப் பொட்டு வைத்த மனிதர் இதையும் விடவில்லை. போன் வெளிச்சத்தில் பார்த்தால், ஓட்டைக்குள் மஞ்சளாகக் காய்ந்து கிடந்தது.

"இதுக்கு எதுக்குங்க வெச்சீங்க?"

"அதுவும் உன் ஆயுதந்தான?"

"ஓட்டையிலயா வைப்பாங்க?"

"லாரில எவ்வளவு இடம் இருக்கு. இது இத்துனூண்டு. வேற எங்க வைக்கிறது?"

பல் குச்சியால் மெல்லச் சுரண்டினேன். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால், ஈரம் படாமல் தட்டி எடுத்தேன். சொருகினேன்.

டிவி முழுக்க என் அழைப்பிதழ். மெரூன் நிறம், தங்கக் கரை. அதை போட்டோ எடுத்துக் கடைக்காரத் தம்பிக்கு அனுப்பினேன். ஒரு வார்த்தையும் எழுதவில்லை.

அந்த அம்மா வந்து உட்கார்ந்து நெடுநேரம் பார்த்தார். "மாப்பிள்ளை பேரு சின்னதா இருக்கே." அவர் கண் முன்னாலேயே பெரிதாக்கினேன். "தெங்கேராவுல கேட்டா ரெண்டு நாள் கழிச்சு வான்னுவான்" என்றார். பிறகு மூச்சை இழுத்து முகர்ந்தார். "என்னம்மா, சந்தன வாசனை? நல்ல சகுனம். நீயே செஞ்சிரு."

அவர் கார் கிளம்பியதும் என் கணவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தார். "பாத்தியா, நான் வெச்ச சந்தனம்."

"அடுத்த வருஷம் லேப்டாப் மூடிக்கு மேல வைங்க. ஓட்டப் பக்கம் கை போச்சு, உங்க லாரி சாவி ஓட்டையில நான் வைப்பேன்."